யாருடைய பத்து மணி

1

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. லெபனானில் அன்று இரண்டு நேரங்கள் இருந்தன. நோன்பு மாதம் முடியும்வரை கடிகாரத்தைக் கோடை நேரத்துக்கு மாற்ற வேண்டாம் என்று அரசு சொல்லியிருந்தது. வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவோம் என்று தேவாலயங்களும் பல பள்ளிகளும் தொலைக்காட்சிகளும் சொல்லியிருந்தன.

இந்தக் கதை அதிலிருந்து பிறக்கவில்லை. பெய்ரூட்டில் நான் எழுதும் பத்திரிகையின் வார இணைப்புக்கு, மூளை நலம் காக்கும் அன்றாடப் பழக்கங்கள் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். இப்படி ஆரம்பித்தேன்:

'நடை, உறக்கம், நட்பு, நல்ல சாப்பாடு, புதிதாக ஒன்றைக் கற்பது ஆகியவை நம் மூளையை –'

வாக்கியம் முடிவதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. (உறக்கமும் பட்டியலில் இருப்பதால் புகார் செய்ய வழியில்லை.) எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று நுஹாதை உருவாக்கினேன்.

2

நுஹாதுக்கு எழுபத்திரண்டு வயது. கணவர் இறந்த பிறகு பெய்ரூட்டின் ஹம்ராவில், நாலாவது மாடியில், தனியாக இருக்கிறாள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் லிஃப்ட் ஓடும், ஆகவே படிதான். காலை ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் தோழி சிர்வார்த்தைச் சந்தித்து, கலங்கரை விளக்கம் வரை சண்டை போட்டுக்கொண்டே நடப்பாள். வந்ததும் ஆலிவ் எண்ணெய், வெள்ளரிக்காய், ரொட்டி. தெருவுக்கே மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இரவில் நிற்பதற்கு முன்பே தூங்கிவிடுவாள். சிர்வார்த் புர்ஜ் ஹம்மூத்தில் வசிக்கும் ஆர்மீனியப் பெண். அவளிடமிருந்து நுஹாத் நாளுக்கு ஒரு ஆர்மீனியச் சொல் கற்கிறாள்.

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். எல்லா நல்ல பழக்கமும் உள்ள ஒருத்தியை யாருக்குப் பிடிக்கும்? யோசித்துவிட்டு, அவள் கற்பதெல்லாம் வசவுச் சொற்கள் என்று மாற்றினேன். அதன்பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.]

3

மகள் ரோலா ஒரு வாரத்துக்குத் துபாயிலிருந்து வந்திருக்கிறாள். வந்ததே ஒரு சந்தேகத்தோடு.

"போன்ல ஒரே கதைய ரெண்டு தடவ சொன்னம்மா."

"மொத தடவ நீ சிரிக்கலயே."

"நான் வெளையாடல. உனக்கு மறதி வருது."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. திங்கட்கிழமை பத்து மணிக்கு, தேவாலயங்கள் நிறைந்த அஷ்ரஃபியேயில் ஒரு மூளை மருத்துவரைப் பார்ப்பது. கோளாறு என்று அவர் சொன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு நுஹாத் துபாய் போக வேண்டும். இல்லையென்றால் ரோலா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது.

துபாயில் ரோலாவின் வீடு மிக உயரத்தில் இருக்கிறது. கீழே அகலமான நெடுஞ்சாலை. சிர்வார்த் இல்லை.

ஞாயிறு காலை நுஹாத் கடற்கரைக்குப் போனபோது சிர்வார்த் கோபத்தில் சிவந்து நின்றாள். அவள் பேட்டை கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. நுஹாதின் தெரு தள்ளவில்லை.

"ஏழுன்னா ஏழு! ஒரு மணி நேரமா தூண்டில் போடுறவனுங்க மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறேன்!"

"எங்க தெருவுல இப்பதான்டி ஏழு."

அதற்கு வந்த பதிலில் நுஹாத் ஒரே நாளில் மூன்று புதுச் சொற்கள் கற்றாள்.

4

திங்கள் காலை, ரொட்டியைப் பிய்த்தபடி நுஹாத் கேட்டாள்: "பத்து மணின்னாங்களே, யாரோட பத்து?"

ரோலா அம்மாவையே பார்த்தாள். "என்ன கேள்விம்மா இது? பத்துன்னா பத்துதான்."

('அவள் கண்களில் நீர் திரண்' – வேண்டாம். ரோலா அழுகிற ஆள் இல்லை. துபாயில் எந்த அறையை அம்மாவுக்கு ஒதுக்கலாம் என்று யோசிக்கிற ஆள்.)

அரசு அறிவிப்பைப் படித்து, தன் செல்பேசியில் ரோலாவே கையால் நேரம் வைத்திருந்தாள். அதன்படி பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனைச் சுவரில் மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது.

"உங்க நேரம் போயிடுச்சே மேடம்" என்றாள் வரவேற்புப் பெண்.

நுஹாத் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைப் பார்த்துச் சொன்னாள்: "நான் கேட்டேன்ல."

மருத்துவர் (நுஹாதுக்கு 'ஹக்கீம்') மற்றவர்களுக்கு இடையில் கூப்பிட்டுவிட்டார். எலுமிச்சை, பாலம், சட்டை, விளக்கு, குதிரை என்று ஐந்து சொற்கள் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார். "இப்ப மணி என்னம்மா?"

"உங்க சுவத்துல பதினொண்ணே கால் ஹக்கீம். எங்க தெருவுல பத்தே கால். எம் மக கைக்கடிகாரத்துல பன்னெண்டே கால், அவ இன்னும் துபாய்லயே இருக்கா. உங்களுக்கு எது வேணும்?"

அவர் பேனாவைக் காகிதத்தின் மேல் பிடித்தபடியே இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "நேத்துலேருந்து எனக்கே தெரியலம்மா. எம் பொண்டாட்டி ஒரு நேரம், பள்ளிக்கூடம் ஒரு நேரம்."

தேதி, கணக்கு, படம் எல்லாம் ஆயிற்று. அப்புறம் அந்தச் சொற்களைக் கேட்டார்.

"எலுமிச்சை. பாலம். குதிரை. சட்டை..."

நுஹாத் அத்தோடு நிறுத்தினாள். ரோலா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

5

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஐந்தாவதும் ஞாபகம் வருகிறது: வார இணைப்புக்குப் பொருத்தம், ஆனால் மருந்துக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. வரவில்லை, துபாய்: ஒரு பத்தி எழுதினேன், அதில் சிர்வார்த் கடற்கரையில் தனியாக நின்றாள். அவள் என்னைத் திட்ட ஆரம்பித்ததும் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

ஆகவே அந்த ஐந்தாவது சொல்லை உங்களிடம் விடுகிறேன். மேலே போய்ப் பார்க்காதீர்கள். உங்களை யாரும் துபாய்க்கு அனுப்பப் போவதில்லை.

அறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நுஹாத் தலையாட்டினாள். "வரல ஹக்கீம்."

மருத்துவர் ரோலா பக்கம் திரும்பினார். "நீங்களும் கேட்டீங்கல்ல, சொல்லுங்க."

"எலுமிச்சை... குதிரை..." அவ்வளவுதான்.

"ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறீங்க?"

"நாலு மணி நேரம். சில நாள் அதுவும் இல்ல."

"நடை?"

"கார் நிறுத்துற இடம் வரைக்கும்."

"பாவம்" என்றாள் நுஹாத். "இவள எங்க அனுப்பலாம் ஹக்கீம்?"

இந்த வயதுக்கு இது போதும், இப்போது வாழ்வது போலவே வாழுங்கள், அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

ரோலா புதன்கிழமை தனியாக விமானம் ஏறினாள். அன்று நள்ளிரவு அரசும் கடிகாரத்தைத் தள்ளிவிட, நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு வந்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு நுஹாதும் சிர்வார்த்தும் கலங்கரை விளக்கம் வரை நடந்தார்கள்.