இரண்டு தரம் அடித்த மருந்து

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முருகேசனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு தடவை முக்கினால் எதுவும் பிடிக்காது. நூலுக்கு அது சரி. தன் நெல் நாற்றங்காலிலும் அதையே செய்கிற மனிதரை என்னவென்று சொல்வது?

களைக்கொல்லி அடித்த மறுநாள் போய்ப் பார்த்தார். களை அப்படியே நிமிர்ந்து நின்றது.

"மருந்து ஏறலடி. இன்னொரு வாட்டி அடிக்கணும்."

"களை மெதுவாத்தாங்க சாவும்" என்றாள் அவர் மனைவி தெய்வநாயகி. வெம்பாக்கத்து விவசாய வீட்டில் பிறந்தவள். "நாத்து ஒரு பங்கு விஷத்த உள்ளாறயே செரிச்சிகினு எழுந்துக்கும். ரெண்டாவது வாட்டி அடிச்சா தாங்காதுங்க."

ஊதுகிற சங்கை ஊதினாள். அவர் அடித்தே விட்டார்.

நாமென்றால் வாந்தி எடுத்துவிடலாம். நாற்று எங்கே போகும்? பத்து நாளாகியும் புதுக் குருத்து வரவில்லை. மஞ்சளித்து, வேர் பழுப்பேறிக் கிடந்தது.

அதில் பாதியை அவள் தம்பி வெற்றிச்செல்வனுக்குத் தருவதாகப் பேச்சு. அவனுடைய நாற்றங்காலை மழை கொண்டுபோய்விட்டது. தேசூரில் ஒருவரிடம் கொஞ்சம் நாற்று மிச்சமிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் போனால் கிடைக்கும், இல்லையென்றால் இந்தப் போகமே அவனுக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் அவள் துடித்தாள். ஆனால் காலையிலேயே முருகேசன் சொல்லிவிட்டார்: "உன் தம்பிகிட்ட வாயத் தொறந்தே, அவன்கூடவே போயிடு. திரும்பி வராத."

சொன்னால் வாழ்க்கை போயிற்று, சொல்லாவிட்டால் தம்பியின் வயல் போயிற்று.

மத்தியானம் வெற்றிச்செல்வன் மினி வேனோடு வந்தான்.

"கொஞ்சம் சத்துக் குறைவுதான். நட்டா பச்ச கட்டிக்கும்" என்றார் முருகேசன்.

வெற்றிச்செல்வன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது மாமா" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

முருகேசனுக்கு முகமெல்லாம் பல். கயிறு எடுத்து வர வீட்டுக்குப் போனார்.

"தெரிஞ்சே ஏத்தறியாடா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தேசூர்ல நாத்து கீதாம், ஜல்தியா போடா. இத ஏத்தறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இன்னிக்கி உட்டா கெடைக்காது."

"வெறும் வண்டியா போனா மாமா யார் மேல பாய்வாரு? நான் என் ஊருக்குப் போயிடுவேன்க்கா. நீதான இந்த ஊட்ல இருக்கணும்."

முருகேசன் கயிறோடு வந்துகொண்டிருந்தார். தெய்வநாயகி குனிந்து, பிடுங்கிய நாற்றைக் கட்டாகக் கட்டித் தம்பியிடம் கொடுத்தாள்.