இருக்கட்டும் என்றொரு பெயர்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர் இந்த முறை பெயர்களைப் பற்றியது. ஆளுக்கொரு பெயரை எடுத்து, அது எப்படிப் பிறந்தது, எங்கெல்லாம் பரவியது என்று எழுதவேண்டும். மற்றவர்கள் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் துருக்கியில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பழைய பெயரொன்றை எடுத்தேன்: துர்சுன். வித்தியாசமான தெரிவு என்று மலர்க்குழுவில் பாராட்டினார்கள்.

உண்மையில் நான் ஒளித்துக்கொள்ள இடம் தேடினேன். பெயரைப் பற்றி எழுதினால் அதைச் சுமந்த மனிதரைப் பற்றி எழுதாமல் தப்பிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு பக்கம் நன்றாகவே போனது. ஐந்தாம் பக்கத்தில் "எனக்குத் தெரிந்த ஒரு துர்சுன்" என்று எழுதிவிட்டு, வசனத்தை முடிக்க முடியாமல் மூன்று கிழமை விட்டுவைத்தேன். கட்டுரையைக் கிழித்துப் போட்டாயிற்று. இதுதான் மிச்சம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1986 டிசம்பரில், மொன்றியலின் சபனெல் தெருவில், கோட்டுத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஏழாம் மாடிக்குப் புதிதாக ஓர் ஆள்—" (நல்ல தொடக்கம். ஆனால் இதில் நான் இல்லை.)

"துர்சுனைப் போல ஒரு நல்ல மனிதரை நான்—" (வெட்டிவிட்டேன். இறந்தவர்களைப் பற்றித்தான் இப்படி எழுதுவார்கள். அவர் இறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.)

"அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான்."

இது நிற்கட்டும்.

என் பெயர் அக்னெஸ். மட்டக்களப்பு. 1984இல் கணவர் சவிரிமுத்துவோடு அகதியாக இங்கே வந்தேன். தொழிற்சாலையில் எனக்குக் கொலர் தைக்கும் வேலை. பக்கத்து மெசினில் யாழ்ப்பாணத்து மனோகரி. புதிதாக வந்த துருக்கியர் தைத்து முடிந்த கோட்டுகளை ஸ்டீம் அயன் போடுவார். நாற்பது வயதிருக்கும். முதல் நாளே ஒவ்வொரு மெசினாக வந்து, நெஞ்சில் கைவைத்து, "துர்சுன்" என்று தன்னை அறிமுகப்படுத்தினார்.

அவர் நகர்ந்ததும் நான் சொன்னேன்: "துர்ச்சனமாம். பேரிலேயே கிடக்கு, கெட்ட மனிசனெண்டு."

மனோகரி சிரித்துச் சிரித்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தமிழ்ப் பெண்களுக்கு அவர் "துர்ச்சனம்". அவர் முன்னாலேயே சொல்வோம். தன் பெயரைத்தான் பிழையாகச் சொல்கிறோம் என்று நினைத்து, "துர்சுன், துர்சுன்" என்று பொறுமையாகத் திருத்துவார். நாங்கள் இன்னும் சிரிப்போம்.

3

(அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், இடையிடையே தொழிற்சாலைப் பிரெஞ்சு. அதை உடைந்த தமிழாக எழுதினால் வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்தது போதும். அவரை முழுத் தமிழில் பேசவைக்கிறேன். அவருக்கு நான் செய்யும் மரியாதை இவ்வளவுதான், அதுவும் பிந்தி.)

அடுத்த வருடம் ஏப்ரலில் எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தவறியிருந்தன. மூத்தது மட்டக்களப்பில், பிறந்து ஒன்பதாம் நாள். அடுத்தது இங்கே, ஆஸ்பத்திரியில், மூச்சில்லாமல். இந்த முறை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோட்டுக்கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தபோது துர்சுன் ஓடிவந்து பறித்துக்கொண்டார்.

"எத்தனையாவது?" என்றார்.

ஏனோ அவரிடம் சொல்லிவிட்டேன். "மூன்றாவது. மற்ற இரண்டும் இல்லை."

அவர் கட்டைக் கீழே வைத்தார். "என் அம்மாவுக்கு நான் நாலாவது. எனக்கு முன்னால் மூன்று பேர் போய்விட்டார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பெயர். துர்சுன் என்றால் என்ன தெரியுமா? 'நிற்கட்டும். போகாமல் இருக்கட்டும்.' பெயர் அல்ல, மன்றாட்டு. கூப்பிடும்போதெல்லாம் கடவுளுக்குக் கேட்கும். நீங்களும் வயிற்றில் இருக்கிறதை அப்படிக் கூப்பிடுங்கள். பிறந்த பிறகு எந்தப் பெயரையும் வையுங்கள்."

நான் தலையாட்டினேன். இரண்டு மெசின் தள்ளி மனோகரி, "துர்ச்சனம் என்னவாம் கதைக்கிறார்?" என்று கேட்டாள். நான் "ஒண்டுமில்லை" என்றேன்.

4

கிழித்த கட்டுரையிலிருந்து ஒரு பந்தியை மட்டும் எடுத்து வைக்கிறேன்:

"துருக்கி மொழியில் 'துர்' என்றால் நில். அதிலிருந்து வந்த பெயர் இது. முன்பிறந்த குழந்தைகள் இறந்துபோன வீடுகளில், அடுத்துப் பிறந்ததைத் தக்கவைக்க வைத்தார்கள். 'யஷார்' என்று ஒரு பெயர் உண்டு, வாழ்கிறான் என்று பொருள். 'சத்தில்முஷ்' என்று ஒன்று, விற்கப்பட்டவன்; பிள்ளை தங்களுடையதல்ல என்று சாவை ஏமாற்ற. நம்மிடம் இது இல்லையா? இரண்டைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பைத்தம்பி என்றார்கள்."

குப்பைத்தம்பி என் பெரியப்பா. அந்தப் பெயருக்கு நாங்கள் யாரும் சிரித்ததில்லை.*

துர்சுன் என்ற பெயர் எவ்வளவு பிரபலம் என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். கருங்கடலுக்கு மேலே மலையில் அவருடைய கிராமம். "என் வகுப்பில் நாங்கள் நாலு துர்சுன். பெரிய துர்சுன், சொத்திக்கால் துர்சுன், ஆலைக்காரன் மகன் துர்சுன், நான்" என்றார். பிறகு, "இப்போது யாரும் வைப்பதில்லை. மருத்துவச்சி வருகிறாள், ஊசி போடுகிறார்கள். பிள்ளைகள் தாமாகவே நிற்கிறார்கள். அந்தப் பெயர் இனி வேண்டாம், நல்லதுதான்" என்றார்.

ஒரு வகுப்பில் நான்கு துர்சுன் என்றால் அந்த ஊரின் சின்னக் குழிகள் எத்தனை என்று நான் கணக்குப் பார்த்தது, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான்.

* சிரித்திருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார்.

5

துர்சுன் அளவுக்கு மீறி நல்லவராக வருகிறார் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆகவே: அவர் கோபக்காரர். நூல் அறுந்து விழுந்த கோட்டைத் தரையில் எறிவார். மூக்கால் பாடுவார், நிறுத்தச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டார். அவருடைய அகதி விண்ணப்பமும் முழுக்க உண்மை இல்லை. அவர் இங்கே வந்த பிறகுதான் கேள்விப்பட்ட ஒரு மதம், அவருடைய மதமாக அதில் எழுதியிருந்தது. ஏஜென்சிக்காரன் எழுதிக்கொடுத்தது.

"துருக்கிக்காரர் எல்லாம் பொய்க் கேஸ்" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நாங்கள் உண்மையான அகதிகள் என்று அதற்குப் பொருள்.

எங்கள் விண்ணப்பத்திலும் ஒரு வீடு எரிந்திருந்தது. அது என் சித்தப்பாவின் வீடு. எங்கள் வீடு எரியவில்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எரிந்த வீட்டைச் சொல்வது இலகுவாக இருந்தது.

6

1987 ஆகஸ்டில் மகன் பிறந்தான். பெனடிக்ற். ஞானஸ்நானம் வரைக்கும், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, துணி மாற்றும்போதும் பால் கொடுக்கும்போதும் அவனைத் துர்சுன் என்றே கூப்பிட்டேன். அவன் நின்றான். துர்சுன் ஒருநாள் கோட்-டெ-நேஜ் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து, ஒரு கம்பளிச் சட்டை கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

மறு வருடம் துருக்கியருக்கு ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போகச்சொல்லிக் கடிதம் வந்தது. துர்சுனுக்கும் வந்தது. அவருடைய வழக்கறிஞர், மனிதாபிமான அடிப்படையில் இருக்கவிடும்படி கேட்டு ஒரு நேர்முகத்துக்கு ஒழுங்கு செய்தார். கூட வேலைசெய்த, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்குமாம். துர்சுன் என்னிடம் போனில் கேட்டார்.

"ஓம், வாறன்" என்று தமிழில் வாயில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என் பெயரின் அர்த்தத்தையும் சொல்லுங்கள். அதிகாரி அதை வாசித்தாலே போதும், ஆணை அதிலேயே இருக்கிறது" என்று சிரித்தார். (அந்தப் பகிடி அவருடையது. நான் உண்டாக்கியதென்று யாரும் நினைக்க வேண்டாம்.)

7

நான் போகவில்லை.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதினேன். முதல் பிரதியில் பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல். இரண்டாவதில் சவிரிமுத்து மறிக்கிறார்: "எங்கட கேஸ் இன்னும் முடியேல்ல, நீ அங்க போய்—" மூன்றாவதில் பனிப்புயல், மெத்ரோ நின்றுவிட்டது. மூன்றையும் வெட்டிவிட்டேன். ஏப்ரல் மாதம், நல்ல வெயில். அன்று காலை டோர்வல் விமானநிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் புறப்படும்போது சவிரிமுத்து சொன்னது இது: "பிள்ளைய புஷ்பவதி அக்காட்ட விட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டு வாகா. பாவம் அந்த மனிசன்."

பதினொரு மணிவரைக்கும் சேலை உடுத்தபடி கட்டிலில் இருந்தேன். குடிவரவு அலுவலகத்தில் என் பெயரைக் கேட்பார்கள், பெயரைக் கேட்டால் எங்கள் கோப்பை எடுப்பார்கள், எடுத்தால் எரிந்த வீடு. வேறொன்றும் இல்லை. அந்தப் பயம் மட்டும்தான். வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளைக்குக் கடும் காய்ச்சல்" என்றேன்.

"ஐயோ, எவ்வளவு?" என்றாள் அங்கிருந்த பெண்.

ஊர்க் கணக்கில் நூற்றிமூன்று என்று வாயில் வந்தது. இங்கத்தைய கணக்குக்கு மனதுக்குள் மாற்றினேன். "முப்பத்தொன்பதரை."

எட்டு மாதப் பிள்ளை தரையில் இருந்து கரண்டியால் பானை மூடியை அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுவிடும் என்று கரண்டியைப் பறித்தேன். அவன் அழுதான். அழுகை போனில் நன்றாகவே கேட்டிருக்கும்.

8

மாலை ஆறு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன், இடுப்பில் பிள்ளை.

துர்சுன் நின்றார். கோட், டை, சவரம் செய்த முகம். நேர்முகத்துக்குப் போன உடுப்போடு வந்திருந்தார். கையில் ஒரு பை. படியேறி மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை. புறங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார். பிறகு கழுத்தில். பிறகு பாதத்தில். பெனடிக்ற் அவருடைய டையைப் பிடித்து வாயில் வைத்தான்.

"இறங்கிவிட்டது" என்றார். "கடவுளுக்கு நன்றி."

"ஓம், இப்பத்தான்" என்றேன். இது இரண்டாவது பொய்.

உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு போத்தல் வினாகிரியும் தேசிக்காய்களும் எடுத்தார். வரும் வழியில் தெப்பனேரில், மூலைக்கடையில், வாங்கினாராம்.

"இன்ரவியூ?" என்று கேட்டேன்.

"பத்து நிமிடம். உங்கள் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார்." அதைப் பற்றி மேலே பேசாமல், ஒரு கிண்ணமும் பழைய துணியும் கேட்டார்.

"வேண்டாம், சுகமாயிற்று" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. இறங்கின மாதிரி இருக்கும், திரும்பி வரும். எனக்கு முன்னால் போனவர்களில் இரண்டு பேருக்கு அப்படித்தான். அம்மா சொல்லுவா."

நான் கிண்ணம் கொடுத்தேன். துணியும் கிழித்துக் கொடுத்தேன். அவர் தரையில் இருந்து, வினாகிரியும் தண்ணீரும் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, காய்ச்சல் இல்லாத என் பிள்ளையின் இரண்டு கால்களிலும் சுற்றினார். குளிருக்கு அவன் காலை உதறி உதறிச் சிரித்தான். அவர் மறுபடி மறுபடி சுற்றினார். அவருடைய கோட்டுக் கை நனைந்திருந்தது. சொல்லிவிட நேரம் இருந்தது. இரண்டு கால், ஒவ்வொன்றுக்கும் நாலு சுற்று. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இத்தனை வருடம் கேட்டுப் பார்க்கிறேன். தெரிந்தே சுற்றினார் என்று எழுதினால் அவர் பெரிய மனிதராகிவிடுவார், எனக்கும் ஏதோ தண்டனை கிடைத்த மாதிரி இருக்கும். தெரியாமல்தான் சுற்றினார் என்று நினைக்கிறேன். அந்தக் கைகள் உண்மையாகவே பயந்திருந்தன.

9

அவருக்கு என்ன ஆனது? மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் இங்கேயே இருந்து, ஒரு அயன் கடை வைத்து, பேரப்பிள்ளை கண்டார். ஒன்றில் ஜூன் மாதம் விமானத்தில் ஏற்றினார்கள். ஒன்றில் எனக்கு ஒரு கடிதம் வருகிறது. எதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை. செப்டம்பரில் நான் வேலைக்குத் திரும்பியபோது அயன் மெசினில் வேறு ஆள் நின்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. மறு வருடம் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். எரிந்த வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன ஞாயிறு இதைச் சவிரிமுத்துவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். எட்டாம் பகுதியில் நிறுத்தினார்.

"இஞ்ச பாருகா, இதில பிழை கிடக்கு. புள்ளைக்கு அண்டைக்குக் காய்ச்சல்தானே?"

"இல்ல. நான் உங்களுக்கும் பொய்தான் சொன்னனான்."

"விசர்க்கதை கதையாத. நான் வேலையால வரக்குள்ள புள்ளைட கால் ரெண்டுலயும் துணி சுத்திக் கிடந்த. வீடு முழுக்க வினாகிரி மணம். ராவு முழுக்க நான்தானே துணி மாத்தினது. காய்ச்சல் இல்லாத புள்ளைக்கு ஆராவது அப்படிச் செய்வாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ போகாம விட்டதுல பிழையில்ல. உனக்கு வயசாகுது, மனசப் போட்டுக் குழப்பிக்கொள்றாய்" என்றார்.

பெனடிக்ற்றும் அதைத்தான் நம்புகிறான். எட்டு மாதத்தில் தனக்குக் கடும் காய்ச்சல் வந்ததாகவும், ஒரு துருக்கி மாமா வந்து காப்பாற்றியதாகவும் தன் மனைவிக்குப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. துர்சுனுக்கும் தெரியாது. இதைத் தமிழில் எழுதும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆக, முடிவு உங்கள் கையில். ஒரு பக்கம் நான், இந்தக் கதை முழுக்கப் பொய் சொல்லி வந்தவள். மறுபக்கம் என் கணவர், அன்று இரவு முழுக்க விழித்திருந்து துணி மாற்றியவர், யாரிடமும் பொய் சொல்லி நான் பார்த்திராதவர். நீங்கள் அவரைத்தான் நம்பப் போகிறீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.