கை சூடேற்றும் ஐந்து நிமிடம்

நான் குமாஸ்தாவாக இருக்கும் இறால் கொட்டகைக்கு மேனேஜராக வந்த ஜெபினுக்கு இறாலில் வெள்ளை எது, கறுப்பு எது என்றுகூடத் தெரியாது. முதலாளி சிலுவைமுத்துவின் அக்காள் மகன், எம்பிஏ. "மேனேஜ்மென்ட்டும் டாக்டர், வக்கீல் மாதிரி ஒரு தொழில்தான். அதைப் படிச்சவன் எந்த இடத்தையும் நடத்தலாம்" என்றான் முதல் நாளே, எங்கள் எல்லோர் முன்னாலும். சோப்புக் கம்பெனியும் இறால் கொட்டகையும் அந்த மகானுக்கு ஒன்றுதான்.

காத்திவாக்கத்துப் பெண்கள் முப்பது பேர், ஐஸில் கிடக்கும் இறாலை வெறுங்கையால் உரித்து, சின்னக் கத்தியால் முதுகைக் கீறிக் குடல் எடுப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை வெந்நீர் வாளி வரும். ஐந்து நிமிடம் கையை முக்கி வைப்பார்கள். விரல் மரத்துப்போனால் கத்தி எங்கே போகிறது என்று தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் பட்டம் வாங்கவில்லை.

ஜெபின் கையில் கடிகாரத்தோடு இரண்டு நாள் நின்றான். ஒரு நாளைக்கு எண்பது நிமிடம் வீண் என்று கண்டுபிடித்தான். மூன்றாம் நாள் வாளி வரவில்லை.

இருபது வருஷமாக உரிக்கிற குணசுந்தரி போய்க் கேட்டாள். "கை மரத்துப்பூட்டா வெட்டிக்குவோம் சார். வாளி வோணும்."

"டேட்டா பார்த்துத்தான் செஞ்சேன். போகப் போகப் பழகிடும்க்கா."

மறுநாள் அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் கத்தி இறங்கியது. அவளுக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்தவள்தான் ஐஸ் சிவந்ததைப் பார்த்துச் சொன்னாள். நரம்பு அறுந்துவிட்டது, விரல் இனி மடங்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

வாளி திரும்ப வந்தது. அதற்கு இங்கிலீஷில் ஒரு பேரும் வைத்து, தன் ஏற்பாடு என்று ஜெபின் தான் படித்த கல்லூரிக்கு எழுதி அனுப்பினான். அங்கே அவனைப் பேசவே கூப்பிட்டார்கள். வெட்கம் என்பது பாடத்திட்டத்தில் இல்லை போலும்.

கட்டுப் பிரித்த அன்று குணசுந்தரி ஆபீசுக்கு வந்தாள். "இனிமே உரிக்க முடியாது. எடை மேசையிலயாவது குந்த வையி."

"இப்போ ஆள் எடுக்கலக்கா."

"டாக்டரு மாதிரின்னு சொன்னியே நைனா. டாக்டரு தப்பா அறுத்தா லைசென்ஸ புடுங்கிடுவாங்க. உன்னுத யாரு புடுங்குவாங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "எங்களுக்கு அப்படி யாரும் இல்லக்கா" என்றான்.

அவள் போனதும் விபத்து அறிக்கைக்கு என்னைக் கூப்பிட்டான். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று போடச் சொன்னான். எழுத்துப் பிழை இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.