ஆறிப்போன வெந்நீர்

செப்டம்பர் 14, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. பிளாஸ்கில் வெந்நீர் ஆறியிருந்தது தெரிந்தும், மறுபடி காய்ச்சாமல் ஊற்றிவிட்டேன்.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் இதை எழுதிய சுல்மா, 'சிறு' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

பக்கத்து வீட்டு தோன் சிரிலோ பரானா ஆற்றில் படகு ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சு போனபின், பிற்பகலில் அவரை வேலியோரம் உட்காரவைத்து, சுரைக்குடுவையில் தேயிலை போன்ற மாத்தே இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுப்பாள் சுல்மா. ஒருநாள் எதிர்வீட்டு எபே, மகனை வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா என்று அங்கே நின்று புலம்பினாள். அவர் குடுவையைப் பாதியில் திருப்பித் தந்தார். மாத்தேயை யாரும் அப்படி மிச்சம் வைப்பதில்லை. குழல் கொர்ரென்று ஒலிக்கும்வரை உறிஞ்சவேண்டும்.

"வேண்டாங்கறார் போல," என்று விளையாட்டாகச் சொன்னவள் சுல்மாதான்.

மகன் போகவில்லை. அவன் சேரவிருந்த தொழிற்சாலை அடுத்த மாதமே மூடப்பட்டது. அதிலிருந்து வேலியோரம் கூட்டம். முழுதாகக் குடித்தால் 'செய்', மிச்சம் வைத்தால் 'விடு'. இலை கசந்தாலோ நீர் ஆறினாலோ அவர் மிச்சம் வைப்பார் என்பது சுல்மாவுக்குத் தெரியும். ஆனால், "சுல்மா ஊத்தினாத்தான் அவர் பதில் சொல்றார்," என்று நாலு பேர் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது.

இன்று சர்க்கரை நோய்க்காரி தோன்யா பெலிசா வந்தாள்.

"ஊசி குத்திக் குத்தித் தொடையெல்லாம் சல்லடையாப் போச்சு, தோன் சிரிலோ. இன்னும் போடணுமா?"

குடுவை பாதியில் திரும்பியது.

"விட்டுடுன்னுட்டார்!" எபே கைதட்டினாள்.

"புது இலை போட்டு இன்னொரு தடவை கேக்கலாமே..." என்று இழுத்தாள் சுல்மா.

"அடி போடி! அவர் சொன்னத நீ திருத்துவியா? ராத்திரிப் பள்ளிக்கூடம் போனதும் மண்டை கனத்துப் போச்சு உனக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு சுல்மா நழுவிவிட்டாள்.

இப்போது வகுப்பு முடிந்து திரும்பும் வழியில், தோன் சிரிலோ வீட்டு வேலியில் காணிக்கையாகச் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கியது பெலிசாவின் ஊசிமருந்துப் பெட்டி. சுல்மா அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நேரே பெலிசா வீட்டுக்குப் போனாள்.

"தோன்யா பெலிசா, தண்ணி ஆறியிருந்துச்சு. அதான் அவர் குடிக்கல. வேற ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது."

பெலிசா அவள் கன்னத்தைத் தட்டினாள். "பைத்தியக்காரப் பொண்ணே, அந்தத் தண்ணிய ஆறவெச்சது யாரு? அவர்தானே?"

"சத்தியமா நான்தான். ஊசி போட்டுக்கோங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"அவர் மாத்திச் சொல்லட்டும், போட்டுக்கறேன். நீ சொல்லி இல்ல, மகளே."

வீட்டுக்கு வந்த சுல்மா பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்தாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அது எடுபடவில்லை. எடுபடக்கூடியது ஒன்றுதான் மிச்சம். அதை எழுதக் கை கூசியது. எழுதினாள்.

நாளை: விடிந்ததும் பெலிசாவை அழைத்து வர வேண்டும். புது இலை. தண்ணீர் நல்ல சூடாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது, இலை கசந்துவிடும். அவளை மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும்.