நஞ்சம்மாள் சொன்ன நல்ல வார்த்தை

இண்டூர்ப் பக்கம் யார் பொண்ணு விசாரிக்க வந்தாலும் முதலில் நஞ்சம்மாளைத்தான் தேடுவார்கள். அவள் வாய் அப்படி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னவன் இவளைப் பார்த்திருந்தால் ஐந்நூறே போதும் என்றிருப்பான். மாறுகண் பொண்ணைக்கூட "மகாலட்சுமி பார்வைங்க" என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவாள். இதில் பாவம் ஒன்றுமில்லை. கேட்கிறவர்களும் பத்துக்கு எட்டைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். அது ஊர் வழக்கம்.

போலீஸ்காரன் கழிக்க மாட்டான் என்று அவளுக்கு யார் சொன்னது?

வத்தல்மலையிலிருந்து வருகிற ஓடையை மறித்து, குட்டி ஜமீன்தாரான மிட்டாதார் ஒரு ஏரி கட்டினார். அதற்கென்று அமர்த்திய என்ஜினீயர்தான் கணக்குத் தொரை. ஹால்பர்ன் என்று பெயர். ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. ஜெர்மனியில் பெரிய காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்தவராம். யூதன் என்று சொல்லி வேலையைப் பிடுங்கி, நாட்டைவிட்டே விரட்டிவிட்டார்கள். பெற்ற தாயைப் புதைத்த இடத்தைக்கூட இனிமேல் பார்க்க முடியாது என்று ஒருநாள் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். நஞ்சம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஓடையில் சுரைக்குடுக்கையை மிதக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட ஓடுவார் தொரை. வெள்ளம் தொட்டுப்போன கறையைப் பாறை பாறையாய்த் தேடுவார். இவ்வளவு மழை பெய்தால் இவ்வளவு தண்ணீர் வரும், அதற்குக் கரை இவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போடுவார். மண் சுமக்கிற பெண்களுக்கு நஞ்சம்மாள்தான் தலைவி. கூடையோடு செங்குத்தாய் ஏறி ஏறி அவர்களுக்கு முட்டி கழன்றது. அதைப் பார்த்துவிட்டு தொரை அதற்கும் ஒரு கணக்குப் போட்டு, கரையில் சாய்வாய் ஒரு தடம் வெட்டச் சொன்னார். நடை கூடினது, நோவு குறைந்தது. கூடைக்காரி முட்டிக்காகக் கணக்குப் போட்ட மனுஷனை அவள் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அது முப்பத்தொன்பதாம் வருஷத்துப் புரட்டாசி. கரையில் ஓடை போகிற வாய் ஒன்றுதான் மூடப் பாக்கி. ஐப்பசி மழைக்குள் மூடாவிட்டால் கட்டின கரையும் போய்விடும். மூடுகிற வகை தொரைக்குத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து மோட்டாரில் ஒரு போலீஸ் அதிகாரி வந்து இறங்கி நஞ்சம்மாளைக் கூப்பிட்டார்.

"ஒங்க தொரையை இங்கயே வெச்சுக்கலாமா, வேற எடத்துக்கு அனுப்பணுமான்னு விசாரிக்கணும். ஆள் எப்படிம்மா?"

சீமையில் சண்டை மூண்டது நஞ்சம்மாளுக்குத் தெரியும். ஆனால் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும்தான் அடித்துக்கொள்கிறான், தொரை பிறந்த நாடுதான் சர்க்காருக்கு எதிரி என்பதெல்லாம் அவளுக்கு யார் சொல்வார்கள்? தொரை இருப்பதும் போவதும் தன் வாயில் இருக்கிறது, அது மட்டும் புரிந்தது. விடுவாளா! முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"தொரைக்குத் தெரியாத எடமே இல்லீங்க. மலையில எத்தனை வழி, எங்கெங்க தண்ணி, அத்தனையும் படம் போட்டு வெச்சிருக்காருங்க."

இதுவரைக்கும் நிஜம். அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் எழுத எழுத இவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"அப்புறம்?"

"ராவுல லாந்தரைத் தூக்கிக்கிட்டு மலை உச்சிக்குப் போவாருங்க. அங்கிருந்து வெளிச்சம் காட்டுவாரு. எங்கிருந்தோ பதில் வெளிச்சம் வருமுங்க! சாதாரண ஆளில்லீங்க, பெரிய எடத்துச் சகவாசம்!"

அடிப்பாவி! விளக்கு வைத்த கையோடு கொசுவலைக்குள் போய் முடங்குகிற மனுஷன் அவர். அவள் புருஷன் மாது பின்னாலிருந்து முழங்கையைக் கிள்ளினான். "சும்மா இருய்யா, காரியம் கெட்டுரும்" என்று தட்டிவிட்டாள்.

மறுநாள் தொரையை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டம் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். டவுனுக்குப் போய்வந்த மேஸ்திரி சவுரியப்பன்தான் வந்து அவள் தலையில் இடியைப் போட்டான்.

"பட்டமாம் பட்டம்! எதிரி நாட்டு ஒற்றன்னு உள்ள வெச்சுட்டாங்க. ஊரு நல்லவன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களாம். நீ என்னத்தடி சொன்ன?"

விடிந்ததும் மாதுவை இழுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தாள். அதிகாரி காலடியில் போய் விழுந்தாள்.

"நான் சொன்னது பொய்ங்க சாமி. வெளிச்சமும் இல்லை ஒண்ணும் இல்லை. பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லிப்புட்டேன்."

"அதெப்படிம்மா? அவரே ஒத்துக்கிட்டாரே."

"எதைங்க?"

"நீ சொன்னதைப் படிச்சுக் காட்டினோம். மொதல்ல சிரிச்சாரு. ராத்திரி மலை ஏறினதே இல்லைன்னாரு. அப்ப அந்தப் பொம்பளை சர்க்கார்கிட்டயே பொய் சொல்லியிருக்கா, அவளைப் பிடிச்சு ஜெயில்ல போடணும்னேன். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்னுபோச்சு. அப்புறம், நஞ்சம்மா பொய் சொல்ல மாட்டாங்க, அவங்க சொன்னபடியே எழுதிக்கங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அய்யோ, நான் பொய்க்காரிங்க! ஊரையே கேளுங்க! என்னைப் போடுங்க உள்ள!"

"போம்மா. எதிரி நாட்டுக்காரங்களை அடைக்கிற முகாமுக்கு நேத்தே ரயிலேத்தியாச்சு."

எந்த முகாம், எந்த ஊர் என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றுவிட்டார்.

ஐப்பசி பிறந்தது. மழை அடித்து ஊற்றியது. வாய் மூடாத கரை இரண்டு பக்கமும் அரித்து, பெண்கள் சுமந்த மண்ணெல்லாம் ஓடையோடு போனது. ஊரே வந்து நின்று கரைக்காக அழுதது. நஞ்சம்மாள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரயில் பாதை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள்.

"பொய்க்காரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தொரை? ஊரே சொல்லுது. நீங்க சொன்னா மட்டும் நான் செத்தா போயிடுவேன்?"