மூணு கால் ஓட்டம்

அப்பாவின் வலது காலையும் தன் இடது காலையும் சேர்த்து அவளே துண்டால் கட்டினாள். வேறு யாரையும் அந்தக் காலைத் தொடவிடக் கூடாது. போன வாரம் கொதிக்கக் கொதிக்க டீ அந்தப் பாதத்தில் கொட்டியது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சர்க்கரை காலைத் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அவருடைய சரக்கு வேனை ஓட்டித்தான் அப்பா அவளைப் பட்டம் வாங்க வைத்தார். அவளுக்கோ இன்னும் வேலை கிடைத்தபாடில்லை. மூட்டைகளுக்கு உயிரா இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வருஷாவருஷம் இந்தப் பூங்காவில் குடும்பமே கூடும். பெயர்தான் விளையாட்டு. யார் மூச்சு வாங்கினார்கள், யார் சுருண்டு விழுந்தார்கள் என்பதைப் பெரியப்பா அடுத்த வருஷம்வரை சொல்லிக்காட்டுவார்.

"முடியாதுன்னு சொல்லிடுங்கப்பா."

"சொன்னா ஏன்னு கேப்பாருடி."

பெரியப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன தம்பி, உன் பட்டதாரி ஓடுவாளா, இல்ல ஓட்டத்தப் பத்திக் கட்டுரை எழுதுவாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவர் ஜோக்கடித்தால் சிரிப்புக்கு என்ன பஞ்சம்!

விசில் ஒலித்தது. நாலடி ஒழுங்காகத்தான் போனார்கள். பிறகு அப்பாவின் கால் ஈர மணல் மூட்டை மாதிரி அவள் காலோடு இழுபட்டது. மரத்துப்போயிருக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இது செத்த கனம். பெரியப்பாவின் சிரிப்பு நின்று, பார்வை மெல்ல அவர்கள் காலுக்கு இறங்கியது.

அவள் வேண்டுமென்றே முன்னால் பாய்ந்து விழுந்தாள். அப்பா அவள்மேல் விழுந்தார்.

"டிகிரி வாங்கினா ஆச்சா? நேரா நடக்கத் தெரியணும்டி!" என்று அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் தடுக்கிடுச்சு அத்தே." வாயெல்லாம் மண். வேறொரு நாளாயிருந்தால் அத்தையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றைக்கு அந்த ஏச்சு இனித்தது.

துண்டை அவிழ்த்து மண்ணைத் தட்டுவதற்குள் பெரியப்பா குடும்ப வேனின் சாவியைத் தூக்கிப் போட்டார். "வண்டி ஓட்டிட்டு வந்த மாப்பிள்ள சாப்ட்டுட்டுத் தூங்குறாரு. தம்பி, குட்டிங்கள வீட்டுக்கு நீ கூட்டிட்டுப் போ. உன் கையில வண்டின்னா எனக்குக் கவலையில்ல."

அப்பா சாவியைப் பிடித்துவிட்டார். மறுத்தால் ஏனென்று கேட்பாரே.

வாண்டுகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டபடி வேனுக்குள் ஏறின. அப்பா அவளைப் பார்க்காமல் நடந்தார். அவருடைய வலது கால் செருப்பு விழுந்த இடத்திலேயே புல்லில் கிடந்தது.

பெரியப்பா பக்கத்தில் வந்து அவள் தோளைத் தட்டினார். "என்னம்மா, தோத்ததுக்கா இப்படி முகம் வெளுத்துப்போச்சு?"

"பெரியப்பா..." என்றாள்.

அங்கே அப்பா கதவைத் திறந்து, செருப்பில்லாத காலைப் படிக்குத் தூக்கினார். பல்வரிசை பதிய ஒரு சோடா மூடி அந்த உள்ளங்காலில் குத்தி நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கால் அப்படியே பிரேக்கை நோக்கி உள்ளே போயிற்று.