பன்னிரண்டு இலட்சம் வீத வரவு

அதிபர் யோகராஜின் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆள்வரவு எழுதும் அந்தச் செக்ரோல் புத்தி அப்படியே மகனுக்கு இறங்கி, ஓப்பநாயக்கவுக்கு மேலே இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் வரவுப் பதிவேட்டில் குடியேறியிருந்தது. பாதி நாள் வேலை செய்தவருக்குத் தோட்டத்தில் அரைப்பேர் போடுவார்கள். ஆகவே இடைவேளையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளியிலும் அரைப்பேர். வேறெந்தப் பள்ளியிலும் சுதாகரன் கேள்விப்படாத ஏற்பாடு இது. அதிபர் இதைத் தன் நிர்வாகச் சாதனையாகவே நம்பியிருந்தார். அவருக்கு வேறு சாதனை எதுவும் இல்லாததால் யாரும் மறுக்கவில்லை.

சுதாகரன் தொண்டர் ஆசிரியர். பலாங்கொடையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்த பாவத்துக்கு, பள்ளியில் மின்சாரத்தில் ஓடும் எல்லாமே அவன் தலையில் விழுந்தது. தண்ணீர் மோட்டார் உட்பட. 2007 தொடக்கத்தில் வலயக் கல்வி அலுவலகம் ஒரு புதிய மென்பொருளையும் ஒரு கடிதத்தையும் பெற்றெடுத்தது. போன வருடப் பத்தாம் வகுப்பு வரவை அட்டவணையாக்கிக் கொண்டு வர வேண்டும். எண்பது வீதத்துக்குக் கீழே போனவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் கிடையாது.

வந்தால் 1, வராவிட்டால் 0, அரைப்பேருக்கு 1/2 என்று சுதாகரன் அடித்துக்கொண்டு போனான். விஜயகலாவின் பெயரில் வந்து கை நின்றது. நூற்றுத்தொண்ணூறு நாளில் அறுபத்தொரு அரை, பதினொரு பூச்சியம். தாளில் கூட்டிப் பார்த்தான். எழுபத்தெட்டு வீதம். வகுப்பில் கணக்குச் சரியாகச் செய்யும் ஒரே பிள்ளை அவள்தான்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் போனான்.

“சேர், காலையில வந்த பிள்ளையை வந்ததாத்தானே போடணும்? நீங்க ஒரு கடிதம் தந்தா விஜயகலாவுக்குத் தொண்ணூத்திநாலு வந்திரும்.”

“அரை எப்பிடிய்யா முழுசாகும்? அப்ப ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தவன் மடையனா?”

“அவ ஊர் சுத்தப் போகலைங்க சேர். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கிட்ட பிள்ளைக்காம்பரா ஆயம்மா பென்சன் போனதுக்கப்புறம் தோட்டத்துல வேற ஆள் போடலை. பத்தரை மணிக்கே பிள்ளைகளை அனுப்பிட்டுப் பூட்டிர்றாங்க. இவ அம்மா கருப்பாயி அக்கா கொழுந்து பறிக்கப் போயிட்டா, கைப்பிள்ளைத் தம்பியை இவதான் பார்க்கணும்.”

“அது தோட்டத்துத் துரைகிட்டப் பேச வேண்டிய விஷயம்.”

“பேசுங்களேன் சேர்.”

“நான் ஒரு அதிபர்யா. ஆயம்மாவுக்கு ஆள் பிடிக்கிறதா என் வேலை? பொய்க் கடிதத்துல நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.”

அந்தக் கையெழுத்தின் கற்பைக் காப்பாற்றிய களைப்பில் அவர் தேநீர் கேட்டார்.

மறுநாள் சுதாகரன் வலய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினான். கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே பொறுப்பதிகாரி ஜமால்தீன், சாமி சிலைக்குத் திரை விலக்குவது போல இயந்திரத்தின் பூத்துணியை எடுத்தார். அட்டவணையை மென்பொருளுக்குள் ஏற்றினார். அது கொஞ்ச நேரம் யோசித்தது. அந்த அலுவலகத்தில் யோசித்தது அது ஒன்றுதான், அதுவும் தப்பாக.

“தம்பி, இந்த விஜயகலா யாரு?”

“எங்க பிள்ளைதாங்க. ஏன்?”

“பன்னெண்டு லட்சத்து ஐம்பத்தையாயிரத்து எண்ணூத்தி இருபத்தேழு வீதம் வந்திருக்கே. நல்லா வார புள்ள போல.”

சுதாகரன் எட்டிப் பார்த்தான். வந்த நாட்கள் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேல். விடுமுறையே இல்லாமல் ஆறாயிரத்து ஐந்நூறு வருடம் படித்திருக்கிறாள். இன்னும் பத்தாம் வகுப்பு. விஷயம் அவனுக்குப் பிடிபட்டது.

“சேர், நான் 1/2ன்னு அடிச்ச அரையை உங்க மென்பொருள் இந்த வருசப் பெப்ரவரி முதலாம் திகதின்னு எடுத்துக்கிச்சு. திகதியை 1900லேருந்து நாளா எண்ணுது. ஒவ்வொரு அரைக்கும் முப்பத்தொன்பதாயிரம் நாள் விழுந்திருக்கு.”

“அதுல பிழை வராது தம்பி. கொழும்புல செஞ்சது.” ஜமால்தீனுக்குக் கொஞ்சம் கோபம். “பிழைன்னா சொல்லுங்க, திருத்துவம். சரியான கணக்கு என்ன?”

சுதாகரன் வாயைத் திறந்தான். சரியான கணக்கு எழுபத்தெட்டு. வாயை மூடிக்கொண்டான்.

ஜமால்தீன் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியல் இரண்டு மணிக்கு இரத்தினபுரிக்குப் போயாக வேண்டும். படிவத்தில் மூன்று இலக்கத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

“நூறுக்கு மேல போனதை எல்லாம் நூறுன்னு போட்டுருவம். ஹரித? சரியா?”

“ஹரி,” என்றான் சுதாகரன், மிகுந்த மரியாதையோடு.

ஒரே ஒரு அரைப்பேராவது வைத்திருந்த பதினொரு பேருக்கும் நூறு வீதம். ஒரு நாளும் பாதியில் போகாத அழகமுத்து அம்மை போட்டு ஒன்பது நாள் படுத்திருந்தான், அவனுக்குத் தொண்ணூற்றைந்து.

தொண்ணூற்றுநான்கைப் பொய் என்ற அதிபர், நூறைக் கண்டதும் பேனாவைத் திறந்தார். பதினொரு விண்ணப்பத்திலும் வரிசையாகக் கையெழுத்திட்டார். காலைக் கூட்டத்தில் அழகமுத்துவை எழுப்பி நிறுத்தி, “டேய், விஜயகலாவைப் பார்த்துப் படிடா! ஒழுங்கா பள்ளிக்கூடம் வா!” என்று திட்டினார். பத்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளை மணி அடித்தது. விஜயகலா விண்ணப்பத்தை நிரப்பி சுதாகரனிடம் நீட்டினாள். புத்தகப் பை ஏற்கெனவே தோளில் இருந்தது.

“சேர், நான் நூறு வீதம் வரலையே?”

“கம்ப்யூட்டர் சொல்லுது நீ வந்தேன்னு. அது கொழும்புல செஞ்சது. நீ சும்மா இரு.”

“அப்ப பதினோரு மணிக்கு மேல நான் எங்க சேர் உட்கார்ந்திருந்தேன்?”

“அதிபர் கையெழுத்துக்குப் பக்கத்துல,” என்றான் சுதாகரன். “போ, தம்பி அழப்போறான்.”

அவள் சிரிக்காமல் இறங்கிப் போனாள். அவன் விண்ணப்பத்தை உறையிலிட்டு ஒட்டினான். யாரும் சரிபார்க்க ஆரம்பிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.